கடுகும் வத்தலும்

கடுகு வாங்க வருகிறவர்கள் கடுகை மட்டும் கேட்பதில்லை. பலசரக்குக் கடையில் நின்றவர்களுக்கு இது தெரியும். "கடுகு உளுந்து" என்று சேர்த்துக் கேட்டால் தாளிக்க. "கடுகும் வத்தலும்" என்று கேட்டால் யாருக்கோ சுற்றிப் போட. வத்தல் என்றால் எங்கள் பக்கம் மிளகாய் வத்தல்தான். திருஷ்டிக்கு மூன்றாவதாகக் கல் உப்பும் வேண்டும், ஆனால் அதை யாரும் கேட்க மாட்டார்கள். தூத்துக்குடியில் உப்புக்காக யார் கடைக்கு வருவார்கள்? உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒருவராவது எல்லாத் தெருவிலும் இருப்பார். வீட்டுக்கு வீடு சட்டி நிறைய உப்பு கிடக்கும்.

எழுபதுகளின் நடுவில், பழைய ஹார்பருக்குப் போகிற வழியில் இருந்த ஒரு கடையில் நான் சரக்கு நிறுத்துக்கொண்டிருந்தேன். தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர் எங்களுடையது. அங்கே எட்டாவது வரை படித்தேன். அப்பாவும் அம்மாவும் போனபிறகு எனக்கென்று மிஞ்சியவள் தங்கை ஒருத்திதான். அவளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு ஹார்பரில் கிரேன் வேலை. அவள் இருக்கிற ஊரிலேயே நானும் இருந்துவிடலாம் என்று வந்தேன். கடையிலேயே சாக்குகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வேன். கடை முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கடுகு வடக்கேயிருந்து மூட்டையில் வரும். எந்தச் சாக்காக இருந்தாலும் அது வழி கண்டுபிடித்து ஒழுகிவிடும். கடுகு சிந்தினால் வீட்டில் சண்டை வரும் என்று பெண்கள் சொல்வார்கள். எங்கள் கடையில் தினமும் சிந்தியது. அண்ணாச்சியும் தினமும் யாரோடாவது சண்டை போட்டார். கூட்டி அள்ளினாலும் தரையின் வெடிப்புகளில் கொஞ்சம் தங்கிவிடும். படுத்தால் முதுகில் குத்தும்.

எனக்குப் பேச வராது. இப்போதும் அப்படித்தான். கடையில் அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கேட்டதை நிறுத்துப் பொட்டலம் மடித்துக் கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்தியதும் இரண்டு தெரு தள்ளியிருந்த தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போவேன். அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது. வருகிற போகிற எல்லோரும் அதைத் தூக்கி, "ஏளா கரிச்சட்டி, ஏளா கருவாட்டு மூஞ்சி" என்று கொஞ்சுவார்கள். பிள்ளையைப் புகழக் கூடாது, ஏதாவது வைதுதான் கொஞ்ச வேண்டும், அப்போதுதான் கண் படாது. எனக்கு வையவும் வராது. நான் சுவரோரம் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அது கை காலை ஆட்டுவதையும் வாயில் எச்சில் குமிழி விடுவதையும் பார்ப்பேன். அம்மாவின் நெற்றி அப்படியே அதற்கு இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, வந்துவிடுவேன்.

திங்கள்கிழமை காலையில் தங்கையின் மாமியார் கடைக்கு வருவார்.

"தம்பி, கடுகும் வத்தலும் கொஞ்சம் போல குடுங்க."

பிள்ளைக்கு இத்தனை அடிக்கடி கண் பட்டுவிடுகிறதே என்று எனக்குக் கவலையாக இருக்கும். விளாத்திகுளம் பக்கத்து வத்தல் மூட்டையில் கையை விட்டு, உடையாமல் நல்ல நிறமாக இருக்கிறவற்றைப் பொறுக்கித் தருவேன். கடுகையும் தூசி போக ஊதித் தருவேன். அவர் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போவார். என்னைப்போல அவரும் கூச்சக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுத் திரும்பும்போது என் துணிப்பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாதித் தெருவில் நினைவு வந்து திரும்பிப் போனேன். நடைக்குள் கால் வைத்தபோது அடுப்படியில் கடுகு வெடிக்கிற சத்தம். எண்ணெயில் வெடித்தால் சடசடவென்று ஒரே கூட்டமாக வெடிக்கும், வாசனை வரும். இது தணலில் ஒன்று ஒன்றாக, இடைவெளி விட்டு வெடித்தது. அதோடு மாமியாரின் குரல்.

"போறவ கண்ணு, வாரவ கண்ணு, எதிர்த்த வீட்டுக் கண்ணு, மாமன் கண்ணு, எம் புள்ளைய விட்டுப் போ. மாமன் கண்ணு, மாமன் கண்ணு, போ."

மற்ற எல்லோரையும் ஒரு தடவை சொன்னார். என்னை மூன்று தடவை. பிறகு, "நெடி வருதா பாரு ஏளா" என்றார்.

தணலில் போட்ட வத்தல் நெடியேறி எல்லோரும் இருமினால் பிள்ளைமேல் கண் இல்லை என்று அர்த்தம். நெடியே வராவிட்டால் யாரோ கண் வைத்திருக்கிறார்கள், அந்தக் கண் நெருப்பில் எரிகிறது என்று அர்த்தம்.

"வரல அத்த" என்றாள் என் தங்கை.

"எப்படி வரும்? வாயத் தொறக்காம முழுங்குத மாதிரில்லா பாக்காவ உங்க அண்ணன். போன வாரம் அவிய பாத்துட்டுப் போன அன்னைக்குத்தான புள்ள பாலக் கக்குச்சு?"

நான் பையை எடுக்காமல் திரும்பினேன். தெருவில் போகும்போது யார் முகத்தையும் பார்க்கப் பயமாக இருந்தது. தெருவில் ஒரு ஆடு குட்டியோடு நின்றது. அதைக்கூடப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டேன். திருடன் என்று யாராவது சொல்லியிருந்தால் கையை விரித்துக் காட்டியிருப்பேன். கண்ணை எப்படிக் காட்டுவது?

மறுநாள் அவர் வந்து அதையே கேட்டார். கடுகும் வத்தலும். நான் நிறுத்துக் கொடுத்தேன். என் கண்ணை எரிப்பதற்கு நானே பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்று தோன்றியது. அன்றைக்கும் நல்ல வத்தலாகவே பொறுக்கினேன். பிள்ளைக்கு நல்லதுதானே.

அதற்குப் பிறகு பிள்ளையை என் கையில் யாரும் தரவில்லை. அதற்கு முன்பும் நானாகக் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் கேட்டால் கிடைக்கும் என்று இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது.

ஐப்பசி மழை வந்தபோது ஒரு காரியம் செய்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கடைக்குப் பின்னால் இருந்த வெட்டிய மண்ணெண்ணெய் டின் ஒன்றை எடுத்தேன். அதன் அடி ஓட்டையை ஒரு சிப்பி ஓட்டால் மூடி மண் நிரப்பினேன். கூட்டி அள்ளிய கடுகில் ஒரு சிட்டிகையைத் தூவி, குழாயில் பிடித்த நல்ல தண்ணீராக விட்டேன். கிணற்றுத் தண்ணீர் அங்கே உப்பு. சில நாளில் முளைத்தது. ஒன்றைத் தவிர மற்றதைப் பிடுங்கிவிட்டேன். அந்த ஒன்றை ஒவ்வொரு நாள் காலையிலும் குந்தி உட்கார்ந்து பார்ப்பேன். பிள்ளையைப் பார்த்தது போலவே, வாயைத் திறக்காமல், இமைக்காமல். என் கண் பொல்லாத கண் என்றால் இது கருகட்டும் என்று பார்த்தேன்.

கடுகு விற்றேனே தவிரக் கடுகுச் செடியை அதுவரை நான் கண்டதில்லை. எங்கள் ஊரில் அதைப் பயிரிடுவதில்லை. இலை கொஞ்சம் முள்ளங்கி இலை மாதிரி, ஓரம் வெட்டுப்பட்டு, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. கிள்ளி மென்றால் மூக்கில் ஏறியது. ஒருநாள் அண்ணாச்சி பின்பக்கம் வந்துவிட்டார்.

"என்னல இது?"

"கடுகு அண்ணாச்சி."

"ஏலே, உள்ள மூடை மூடையா கெடக்கு, நீ டப்பால வெவசாயம் பாக்கியோ? அடுத்த வருசம் நான் ஒங்கிட்ட சரக்கு எடுக்கணுமோ?"

அவர் சிரித்துக்கொண்டே போய், கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளைக்கு என்னைப் பண்ணையார் என்று கூப்பிட்டார்கள். அந்தக் கேலி எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை எதற்காக வளர்க்கிறேன் என்று யாருக்கும் தெரியவில்லையே.

செடி கருகவில்லை. மார்கழிப் பனியில் உச்சியில் மஞ்சளாகப் பூத்தது. ஒரு பூவுக்கு நான்கே இதழ். காலையில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் வைத்த கண் வாங்காமல் பார்த்திருக்கிறேன், அது பூத்திருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எப்படிச் சொல்வது? கடுகுச் செடி பூத்தது, ஆகையால் நான் நல்லவன் என்றா?

தை மாதத்தில் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். சாமான் ஒன்றும் வாங்கவில்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று தராசுத் தட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மச்சான், மாசில திருச்செந்தூர்ல புள்ளைக்கு மொட்டையெடுத்துக் காது குத்தலாம்னு இருக்கு."

"சரி மாப்ள."

"ஒங்களுக்குக் கடைய விட்டுட்டு வர முடியாதுல்லா. அதான், ஒங்க பெரியப்பா மவன் மடியில வச்சிக் குத்திரலாம்னு அம்மா சொல்லுதாவ."

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்கு மொட்டை போடுவார்கள், காது குத்துவார்கள். நான் ஒருத்தன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவர் மடியா? ஆனாலும் "ஆமா மாப்ள, கடையில வேல இருக்கு" என்றேன்.

கல்லாவிலிருந்து அண்ணாச்சி கத்தினார். "எவம்ல சொன்னான் நான் லீவு தரமாட்டேன்னு? ஏ மாப்ள, இந்தா நிக்கான் சொந்த மாமன், கல்லு மாதிரி. இவன விட்டுட்டு பெரியப்பன் மவன் எதுக்கு? நல்லா இருக்குய்யா ஒங்க நாயம்!"

மாப்பிள்ளை முகம் சிவந்துபோய், "இல்ல அண்ணாச்சி, கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று போய்விட்டார். காரணம் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடுமோ என்று அன்று முழுவதும் நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

ஒரே ஒரு தடவை அந்தப் பிள்ளை என் மடியில் இருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செடியைப் பார்த்தேன். பூக்கள் உதிர்ந்து மெல்லிய காய்கள் நிமிர்ந்து நின்றன. அந்தத் தைரியத்தில் தங்கை வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் பிள்ளையை உள்ளே தூக்கிப் போனார்கள். மாமியார் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அத்த, நானே வந்து மடியில வச்சிக்கிடுதேன்."

அவர் முந்தானையைத் திருகினார். "தப்பா நெனச்சிக்கிடாதிய தம்பி. ஒங்க மேல எனக்குக் கோவம் கெடயாது. எனக்கு ரெண்டு புள்ள போயிருக்கு. ஒண்ணு இதே வயசுல, பாலக் குடிச்சிட்டுச் சிரிச்சிக்கிட்டே இருந்துச்சி, விடியும்போது இல்ல. எனக்குப் பயம். அவ்வளவுதான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். டின்னில் வளர்ந்த செடியைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நான் பாக்க மாட்டேன் அத்த. மடியில மட்டும் வச்சிக்கிடுதேன். கண்ண மூடிக்கிடுதேன்."

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். "என்ன மச்சான், கண்ணாமூச்சியா வெளயாடுதிய?" யாரும் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் என்மேல் ஒரு பிரியம் தெரிந்தது. "சரி தம்பி" என்றார்.

அதுவரை அவர்களுக்குச் சந்தேகம்தான் இருந்தது. என் கண் பொல்லாதது என்று அன்றைக்கு நானே என் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். தெருவில் இறங்கிய பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

திருச்செந்தூரில் பிள்ளையை என் மடியில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அது நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. உடம்பு சூடாக இருந்தது. தலைமுடி ஈரத்தோடு என் கையில் விழுந்தது. அது என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு அலறியது. நான் கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மொட்டை முடிந்ததும் ஆசாரி வந்து உட்கார்ந்தார்.

"மாமன்காரரே, தலைய நல்லா இறுக்கிப் பிடிங்க. அங்கன இல்ல, கன்னத்தப் பிடிங்க. அட, கண்ணத் தொறந்து பாத்துப் பிடிங்கய்யா!"

நான் திறக்கவில்லை. தடவிப் பார்த்துக் கன்னத்தைப் பிடித்தேன்.

"ஏன், ரத்தம்னா பயமோ? சீர் செய்ய வந்த மாமன் மயக்கம் போட்டு விழுந்துராதிய. அப்புறம் ஒமக்கு நாங்க வைத்தியம் பாக்கணும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "மச்சான் பயந்த சுபாவம்" என்று மாப்பிள்ளை சொன்னது கேட்டது. எனக்கு ஆறுதலாக இருந்தது. பயந்தாங்கொள்ளி என்றே இருக்கட்டும். வெளி ஆட்களுக்கு அதுவே தெரியட்டும். பிள்ளை ஒருமுறை துள்ளியது, அழுதது, பிறகு இன்னொரு காது. தூக்கிக்கொண்டு போன பிறகுதான் கண்ணைத் திறந்தேன். என் வேட்டியில் முடியும் பால் வாடையும் இருந்தன.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமியார் பிள்ளைக்குச் சுற்றிப் போட்டார். ஊர் முழுக்கப் பார்த்த பிள்ளை அல்லவா. நான் வெளியே வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கடுகு வெடித்தது. அடுத்த நொடி அடுப்படியிலிருந்து எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். அப்படி ஒரு நெடி. பக்கத்து வீட்டிலும் இருமினார்கள்.

"பாத்தியளா நெடிய!" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கண்ணே இல்ல இன்னைக்கு! புள்ளைக்கு ஒரு கண்ணும் இல்ல!"

எனக்கும் இருமல். அப்பாடா என்று இருந்தது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். புகைக்கு நடுவில் தங்கை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடியிருந்த அத்தனை பேரும் பிள்ளையைப் பார்த்தார்கள். பார்க்காதவன் நான் ஒருத்தன். நான் பார்க்காத அன்றைக்கு நெடி வந்துவிட்டது. இனி அவர்களுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? எனக்குத்தான் வேறு என்ன வேண்டும்?

கடைக்குத் திரும்பிச் சில நாளில் செடியின் இலைகள் பழுத்து, தண்டு காய ஆரம்பித்தது. காய் முற்றினால் செடி காயும். நெல் விளைகிற ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியாததில்லை. தெரிந்திருந்தும், டின்னைத் தூக்கிக் கொண்டுபோய், என் பார்வை படாதபடி சுவருக்கு அந்தப்புறம் வைத்தேன். அதை அப்புறம் யார் எடுத்தார்கள், என்ன ஆனது என்று தெரியாது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடையிலேயே இருந்துகொண்டேன். ஒரு காலையில் மாமியாருக்குப் பதில் தங்கை வந்தாள். தலையைத் தூக்காமலே அவள் என்று தெரிந்தது. இடுப்பில் பிள்ளை இருந்ததும் கொலுசுச் சத்தத்தில் தெரிந்தது.

"அண்ணே, கடுகு உளுந்து குடு."

நான் வத்தல் மூட்டைப் பக்கம் போகப் போனேன்.

"வத்தல் வேண்டாம். கடுகு உளுந்து. தாளிக்க." அவள் அழுத்திச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம சாப்பிட வா. நான்தான் கூப்பிடுதேன். புள்ள ஒன்னத் தேடுது."

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. அன்றைக்கு அடுப்படியில் "வரல அத்த" என்றாளே, அதை நான் கேட்டுவிட்டேன் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ஒருவேளை நான் விட்டுவந்த பையைப் பார்த்து யோசித்திருப்பாள். நான் கடுகைத் தட்டில் போட்டுத் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கை கல்லா மேசையைத் தாண்டி வந்து தட்டுக்குள் புகுந்தது. கடுகு மேசையிலும் தரையிலும் சிதறி ஓடியது. காது குத்துக்குச் சீர் செய்த வளையல்தான் அந்தக் கையில் இருந்தது. நான் வாங்கிப் போட்டது.

"ஏளா, கைய எடு" என்றாள் தங்கை. பிறகு என்னிடம், மெதுவாக, "பாரேன் அண்ணே. ஒரு தடவ பாரு. காது ஆறிட்டு."

நான் குனிந்து தரையில் கிடந்த கடுகைப் பொறுக்கத் தொடங்கினேன். அவர்கள் போகும்வரை பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.